பெட்டி பிரித்த கீபோர்டு, கிடார் வாங்கும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுக் கீபோர்டின் விலையைக் கேட்டுப் பின்வாங்கி, பொம்மைக் கீபோர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் அதில் ஒரே சத்தம்தான் வரும். ஆறு மாதம் அதில் பழகிய விரலைத் திருத்துவது சொல்லிக்கொடுப்பவருக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம். கொஞ்சம் கூடப் போட்டால் பெட்டி பிரித்த நல்ல கீபோர்டு கிடைத்துவிடும். அதனால் யார் கேட்டாலும், தள்ளுபடியில் வரும் நல்ல கருவியைத் தேடச் சொல்வேன். ஆனால் வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: அந்தப் பெட்டியை ஏன் பிரித்தார்கள்?

தள்ளுபடி என்று ஒரே சொல்லில் விற்றாலும் சரக்கு ஒரே வகை இல்லை. ஓப்பன் பாக்ஸ் என்றால் யாரோ வாங்கிப் பிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. பிடிக்காமல் போயிருக்கலாம், பெட்டி நசுங்கி வந்திருக்கலாம், அடாப்டர் இல்லாமல் வந்திருக்கலாம், ஒரு கீ வேலை செய்யாமலும் இருந்திருக்கலாம். டெமோ பீஸ் என்றால் கடையில் எல்லோரும் தொட்டுப் பார்க்க வைத்திருந்தது. நாள் முழுக்க மின்சாரத்தில் இருந்திருக்கும், வருகிற குழந்தைகள் எல்லாம் தட்டியிருப்பார்கள். ஆனாலும் கடைக்காரர் கண்ணெதிரே இருந்த பொருள் என்பதால் அதன் வரலாறு தெரியும். ரீஃபர்பிஷ்டு என்றால் பழுதாகிச் சரிசெய்யப்பட்டது. சரிசெய்தது கம்பெனியா, கடையா, தெருமுனை மெக்கானிக்கா என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. இப்படித் திரும்பி வந்த, பிரித்த சரக்குக்கு ஐரோப்பாவில் பி-ஸ்டாக் என்ற பெயர் அதிகம் புழங்குகிறது. ஜெர்மனியின் தோமன் கடையில் பி-ஸ்டாக் பொருளுக்கும் புதுப்பொருளைப் போலவே மூன்று வருட வாரண்டி உண்டு. நம் ஊரில் அப்படி எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது, ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாக செகண்ட் ஹேண்ட்: ஒருவர் வாசித்துவிட்டு நேரடியாக விற்பது. இதில் வாரண்டி அநேகமாக முடிந்திருக்கும், பில் இருந்தால் அதிர்ஷ்டம்.

தேடும் முன் தொட்டுப் பாருங்கள்

எந்த மாடல் வேண்டும் என்று முடிவு செய்யாமல் தள்ளுபடிப் பக்கங்களைப் பார்க்க ஆரம்பித்தால், மலிவாகக் கிடைப்பதுதான் உங்களுக்குத் தேவையானது என்று தோன்றத் தொடங்கிவிடும். முதலில் ஆசிரியரைக் கேளுங்கள். மேற்கத்திய பியானோ கிரேடு தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் 88 கீ, அதுவும் அழுத்தத்தில் கனம் தெரிகிற வெயிட்டட் கீ தேவைப்படும். சினிமாப் பாட்டு, பஜனை, தேவாலயப் பாடகர் குழு என்றால் 61 கீ போதும். நம் ஊர் தாளங்களும் வாத்திய ஒலிகளும் உள்ள யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போன்றவை இதற்கென்றே வருகின்றன. மேடைக்காரர்கள் கையில் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 அதிகம் பார்க்கலாம். இப்படிப் பரவலாக விற்ற மாடல்களுக்கு அடாப்டர், உதிரி பாகம், பழுது பார்க்கத் தெரிந்தவர் எல்லாம் எளிதில் கிடைக்கும். அபூர்வமான மாடல் ஒன்று பாதி விலைக்கு வந்தால், கீக்களுக்கு அடியில் இருக்கும் ஒரு ரப்பர் பட்டை கிழிந்தாலும் உங்களால் மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

அப்புறம் ஒரு ஷோரூமுக்குப் போய் அதே மாடலின் புதுப் பீஸைக் கால் மணி நேரமாவது வாசியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது, 1842இல் தொடங்கிய கடை. புதுக் கீ எவ்வளவு அமுங்குகிறது, எவ்வளவு வேகமாக மேலே வருகிறது, ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் வரை சுத்தமாக ஒலிக்கிறது என்று உங்கள் விரலுக்கும் காதுக்கும் ஒரு அளவுகோல் வேண்டும். அது இல்லாமல் பழைய பீஸைத் தொட்டால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

விலை: எதிலிருந்து எவ்வளவு குறைக்கிறார்கள்?

எம்ஆர்பியிலிருந்து 40 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதுப் பொருளையே எம்ஆர்பிக்கு யாரும் விற்பதில்லை. இரண்டு மூன்று கடைகளில் இன்றைக்குப் புதுப் பீஸ் என்ன விலைக்குக் கைக்கு வருகிறது என்று கேட்டு, அந்த விலையிலிருந்து கணக்குப் போடுங்கள்.

நான் சொல்லும் அளவு இது. கம்பெனி வாரண்டி முழுசாக, பில்லோடு வரும் ஓப்பன் பாக்ஸ் என்றால் 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலே நியாயம். மூன்று மாதம், ஆறு மாதம் என்று வாரண்டி சுருங்கிய ரீஃபர்பிஷ்டு என்றால் 25 சதவீதத்துக்குக் குறையாமல் இறங்க வேண்டும். பில்லும் வாரண்டியும் இல்லாமல் தனிநபரிடம் வாங்குவது பாதி விலையை ஒட்டி இருக்க வேண்டும். புதுசு 30,000 ரூபாய்க்குக் கிடைக்கிற கீபோர்டை ஒருவர் வாரண்டி இல்லாமல் 25,000க்குச் சொன்னால், அந்த 5,000 ரூபாய்க்காக மெயின் போர்டு போகும் ஆபத்து முழுவதையும் நீங்கள் சுமக்கிறீர்கள். அடாப்டர், ஸ்டாண்டு, பெடல், புக்-ரெஸ்ட் எது இல்லாவிட்டாலும் அதன் புது விலையைத் தனியாகக் கழியுங்கள்.

டோன் எல்லாம் ஏற்றியிருக்கு, அதுக்கு மட்டும் 3,000 ரூபாய் என்று சிலர் கூடுதலாகக் கேட்பார்கள். தவில், நாதஸ்வரம், பழைய பாட்டுகளின் தாளம் என்று பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது நம் ஊரில் தனி வியாபாரம். யார் உருவாக்கியது, விற்கும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்காது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அழிந்துபோகவும் வாய்ப்புண்டு. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேட்க வேண்டியவை

பார்க்கப் போவதற்கு முன் போனிலேயே கேளுங்கள். எப்போது வாங்கியது, பில் இருக்கிறதா, யார் பெயரில்? திருப்பிக் கொடுத்தவர் என்ன காரணம் சொன்னார்? எதையாவது மாற்றியிருந்தால், எதை மாற்றினீர்கள், யார் மாற்றினார்கள்? வாரண்டி யாருடையது, எந்தத் தேதியிலிருந்து? முதல் ஆள் வாங்கிய தேதியிலிருந்து என்றால் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், பணம் திரும்புமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா? நேர்மையான கடைக்காரர் இதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொல்வார். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு வாங்கினால் பிற்பாடு ஆதாரமாகவும் இருக்கும். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் கேளுங்கள். பெட்டி, பில், கருவியின் அடிப்பக்கம் மூன்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும்.

வீட்டு உபயோகம் மட்டும் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பீரோ மேல் நாலு வருடம் சும்மா கிடந்த கீபோர்டைவிட, வாரா வாரம் தேவாலயத்தில் ஒழுங்காக வாசிக்கப்பட்ட கீபோர்டு பல சமயம் நல்ல நிலையில் இருக்கும். சும்மா கிடப்பதில்தான் எறும்பும் கரப்பானும் குடியேறும்.

கீபோர்டைச் சோதிப்பது

இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கையோடு ஒரு ஹெட்போன், ஒரு சஸ்டைன் பெடல் (காலால் அழுத்தினால் ஒலியை நீட்டிக்கும் பெடல்), யுஎஸ்பி கேபிள், போனில் டார்ச் இருந்தால் போதும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தால் ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் திறக்கவே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அது பொய். ஸ்க்ரூவில் துரு இருந்தால் கடற்கரைக் காற்றிலோ ஈரத்திலோ இருந்திருக்கிறது. ஸ்பீக்கர் வலைக்குள் டார்ச் அடித்தால் கரப்பான் எச்சம் தெரியும். ஸ்க்ரூ குழியிலோ கீக்களின் இடுக்கிலோ காய்ந்த சேறு தெரிந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க வேண்டாம். நனைந்த எலக்ட்ரானிக்ஸ் காய்ந்ததும் வேலை செய்யும், அப்புறம் உள்ளே மெதுவாக அரித்துக்கொண்டே போகும்.

அடுத்தது அடாப்டர். இதில்தான் நிறையக் கீபோர்டுகள் வீணாகின்றன. அடாப்டர் மேலும் கீபோர்டின் பின்னாலும் வோல்ட், ஆம்பியர், அப்புறம் ஒரு சின்ன வட்டப் படம் இருக்கும். பிளஸ் நடுவிலா வெளியிலா என்று அந்தப் படம் சொல்லும். யமஹா கீபோர்டுகளின் 12 வோல்ட் அடாப்டரில் பிளஸ் நடுவில். பாஸ் (Boss) கம்பெனியின் கிடார் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டரில் மைனஸ் நடுவில். பின் ஒரே மாதிரி பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் செருகினால் கருவி போய்விடலாம். வோல்ட்டும் அந்தப் படமும் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் கொண்டு வந்த கருவி என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 100 வோல்ட். நமக்கு 230. தனி அடாப்டர் உள்ள கருவிக்கு இங்கே கிடைக்கும் சரியான அடாப்டரை வாங்கிவிடலாம். மின்கம்பி நேராக உள்ளே போகிற ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும்.

இப்போது கீக்கள். பியானோ ஒலியை வைத்து, டச் ரெஸ்பான்ஸை (தட்டும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதி) ஆன் செய்து, இடது கோடியிலிருந்து வலது கோடி வரை வெள்ளை கறுப்பு எதையும் விடாமல் ஒவ்வொன்றாக, ஒரே மென்மையோடு அழுத்துங்கள். எந்தக் கீயாவது திடீரென்று கத்தினால் அதில் கோளாறு. ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பர் பட்டையில் இரண்டு கார்பன் புள்ளிகள் இருக்கின்றன. கீ இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது ஒரு நொடிக்குள் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் நீங்கள் மெதுவாகத் தட்டினீர்களா வேகமாகத் தட்டினீர்களா என்று கருவி கணக்கிடுகிறது. தூசியோ ஈரமோ படிந்து ஒரு புள்ளி சரியாகத் தொடாவிட்டால் கணக்குத் தப்பி, ஸ்வரம் கத்தும், அல்லது வரவே வராது. இதைச் சுத்தம் செய்தால் சரியாகும், பட்டையையும் மாற்றலாம். ஒன்றிரண்டு கீ என்றால் அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கலாம். பத்துப் பன்னிரண்டு கீ என்றால் கருவி ஈரத்தில் இருந்திருக்கிறது, வேண்டாம்.

அதே வரிசையை ஆர்கன் ஒலியிலும் ஒருமுறை போய்வாருங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்பது ஆர்கனில்தான் தெரியும். கீக்களின் மேல் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் தாழ்ந்து நிற்பது, சாய்ந்து நிற்பது தெரியும். உடைந்த கீயை மாற்ற முடியும், ஆனால் அந்த மாடலுக்கு ஒற்றைக் கீ கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வால்யூமைச் சத்தமில்லாத இடத்திலிருந்து முக்கால் பங்கு வரை மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்று வந்தால் உள்ளே தூசி, சின்ன வேலைதான். முக்கால் சத்தத்தில் கீழ் ஸ்வரங்களை அழுத்தும்போது ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி அதிர்ந்தால் அது பெரிய வேலை. சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் வீலைத் தள்ளிவிட்டு விடுங்கள், சுருதி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். போனில் ட்யூனர் ஆப் வைத்துப் பார்த்தால் சந்தேகம் இருக்காது. பெடலைச் செருகிவிட்டு அதற்குப் பிறகு கருவியை ஆன் செய்யுங்கள். ஆன் செய்த பிறகு செருகினால் சில மாடல்களில் தலைகீழாக வேலை செய்யும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். ஹெட்போன் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், ஒரு காதில் விட்டுவிட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது. யுஎஸ்பியில் லேப்டாப்பைச் சேர்த்தால் அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். ஒரு செட்டிங்கைச் சேமித்து, அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஆன் செய்து அது அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குள் அரைமணி ஆகியிருக்கும். கடைசியாக அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பில்லை.

கிடார் என்றால்

கிடாரில் எல்லாமே கழுத்தில் இருக்கிறது. தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் உடம்பை நோக்கிப் பாருங்கள், முறுக்கு இருந்தால் தெரியும், அதை எளிதில் சரிசெய்ய முடியாது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்) கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில், ஒரு மெல்லிய விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளி அதிகமாக இருந்தாலும், துளியும் இல்லாவிட்டாலும், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் அதன் நட் வழுக்காமல் திரும்புகிறதா என்று விற்பவரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி), அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக வர வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மீட்டி எங்கே இரைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அகூஸ்டிக் கிடாரில் பிரிட்ஜின் (உடம்பின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் துண்டு) பின் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்ப ஆரம்பித்துவிட்டது. வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த கிடார்களுக்கு இது அடிக்கடி நேரும். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு மாதிரி விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் புதியவருக்கு அது வேண்டாம். மேல் பூச்சில் கீறல், சின்னப் பள்ளம் இருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். அதனால் விலை குறையும், ஒலி குறையாது.

மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், மற்றவை

ஷூர் எஸ்எம்58 போல் உலகம் முழுக்க விற்கும் மைக்குகளில் போலி அதிகம். அதன் எடை 298 கிராம் என்று கம்பெனி சொல்கிறது. சமையலறைத் தராசில் வைத்தால் பல போலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சுவிட்ச் இல்லாததுதான் வழக்கமான மாடல், சுவிட்ச் உள்ளது எஸ்எம்58எஸ் என்ற தனி மாடல். அமெரிக்காவிலிருந்து மலிவாக வரும் பழைய வயர்லெஸ் மைக்குகளில் ஃப்ரீக்வென்சியைப் பாருங்கள். 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியில் இயங்குபவை அங்கே 2020 ஜூலையிலிருந்து தடைசெய்யப்பட்டவை, அதனால்தான் அந்த விலை.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக்கையும் கிடாரையும் கணினியோடு சேர்க்கும் பெட்டி. உங்கள் கணினிக்கு அதன் டிரைவர் (அதை இயக்கும் சாஃப்ட்வேர்) இன்றைக்கும் வருகிறதா என்று கம்பெனி தளத்தில் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஃபயர்வயர் என்ற பழைய வகைப் பின் உள்ளவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் புதியவருக்கு ஆகாது. கூட வரும் சாஃப்ட்வேர்களை முதல் ஆள் தன் பெயரில் பதிந்திருப்பார், அதற்கான விலையைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு இன்புட்டிலும் மைக்கைச் செருகி, மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் பட்டனையும் சோதியுங்கள். அதற்கு அந்த மின்சாரத்தில் இயங்கும் கண்டென்சர் மைக் வேண்டும், அது தேவைப்படாத டைனமிக் மைக்கில் வித்தியாசம் தெரியாது.

பேட்டரி உள்ளே வைத்த ஸ்பீக்கரும், காதுக்குள் வைக்கும் மானிட்டரும் பழசில் வாங்க வேண்டாம். மிருதங்கம் நேர்மாறு: தோல் எப்படியும் மாற்றப் போவதுதான், பலா மரக் கட்டையில் விரிசல் இல்லாமல் இருந்தால் பழசை நம்பி வாங்கலாம். ஆனால் உங்கள் வாத்தியாரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பணமும் பில்லும்

பொருளைப் பார்க்கும் முன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நான் இப்ப வெளியூர்ல இருக்கேன், கூரியர்ல அனுப்பறேன், ஆயிரம் மட்டும் போடுங்க என்றால் விட்டுவிடுங்கள். பழைய கருவியை நீங்கள் விற்கிறீர்கள் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பணம் வாங்குவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில் கட்டாயம் கேளுங்கள். ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வர வேண்டும். பில்லில் மாடல், சீரியல் நம்பர், ஓப்பன் பாக்ஸா ரீஃபர்பிஷ்டா, வாரண்டி எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். கடை கைவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அங்கே புகார் சொல்லும்போது இந்த நான்கு விவரமும்தான் உதவும். தனிநபரிடம் வாங்கினால், பெயர், தேதி, தொகை, சீரியல் நம்பர் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். திருட்டுப் பொருள் என்று நாளை யாராவது வந்தால் உங்களுக்கு ஒரு பிடிமானம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆன்லைனில் வாங்கியது என்றால், பெட்டியின் மேல் ஒட்டிய விலாசம் தெரியத் தொடங்கி கருவியை ஆன் செய்வது வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கூரியரில் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்ற சண்டை அதில் முடிந்துவிடும். ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு, மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் முதல் நாளே மறுபடி செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு பத்து நாள் என்றால் அந்தப் பத்து நாளும் தினம் ஒரு மணி நேரமாவது வாசியுங்கள். சூடானால் மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் உண்டு, பத்து நிமிடச் சோதனையில் அவை வெளியே வராது. நல்ல நாள் பார்த்துத்தான் தொடுவேன் என்று பெட்டியிலேயே வைத்திருந்தால் கெடு ஓடிவிடும்.

ஏதாவது தவறாகத் தெரிந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள், வாரண்டி போய்விடும். கோளாறை வீடியோ எடுத்து, பில் எண்ணோடு எழுத்தில் அனுப்புங்கள். பெட்டியையும் தெர்மாக்கோலையும் கெடு முடியும் வரையாவது பரணில் வையுங்கள். 61 கீ கீபோர்டு பொருந்துகிற மாதிரி வேறு பெட்டி தேடுவது கஷ்டம், பழைய பெட்டி இல்லாமல் அனுப்பினால் சில கடைகள் வாங்கிக்கொள்ளவும் மாட்டா.